விடிய விடியப் பாடும் நாடகம்! அழைக்கும் ஊர் இருக்கும் வரை அழியாது

சினிமா வருவதற்கு முன்னால் நம் முன்னோர்கள் பாட்டுக் கேட்க எங்கே போனார்கள்?

நாடகம் பார்க்கப் போனார்கள்.

வண்டி கட்டிக் கொண்டு குடும்பத்தோடு போனார்கள். விடிய விடியப் பார்த்தார்கள். பொழுது விடிந்ததும், கேட்ட பாட்டை முணுமுணுத்துக் கொண்டே வயல் வேலைக்குப் போனார்கள்.

அந்த நாடகத்தில் பேச்சை விடப் பாட்டுதான் அதிகம். ராஜா கோபித்தாலும் பாட்டு. ராணி அழுதாலும் பாட்டு. இரண்டு பேர் வாக்குவாதம் செய்தாலும் அதுவும் பாட்டு! அதனால்தான் அதற்கு இசை நாடகம் என்று பெயர் வந்தது.

"அதெல்லாம் அந்தக் காலம். இப்போது ஏது நாடகம்?" என்று பட்டணத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள்.

அப்படி நினைப்பது தவறு. மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் திருவிழாவுக்கு "வள்ளி திருமணம்" நடக்கிறது. "அரிச்சந்திரா" நடக்கிறது. "பவளக்கொடி" நடக்கிறது. மக்கள் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

நூறு வருஷத்துக்கு மேலாக இந்தக் கலை எப்படி உயிரோடு இருக்கிறது? இனியும் இருக்க நாம் என்ன செய்ய வேண்டும்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உப்புக் கணக்கு எழுதியவர்

இசை நாடகத்துக்கு ஆசான் ஒருவர் உண்டு. அவர் பெயர் சங்கரதாஸ் சுவாமிகள்.

தூத்துக்குடி மாவட்டம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ம் ஆண்டு பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதும் வேலை பார்த்தார். 24 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார்.

முதலில் நடிகராக இருந்தார். எமன், சனீஸ்வரன், இரணியன் போன்ற பயங்கர வேஷங்களில் பெயர் வாங்கினார். பிறகு வேஷம் கட்டுவதை விட்டுவிட்டு, நாடகம் எழுதுவதிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதிலும் இறங்கினார்.

அவர் வந்த நேரம் முக்கியமானது. ஊர்களில் தெருக்கூத்து நடந்தது. அதே சமயம் வடக்கே இருந்து பார்சி நாடகக் கம்பெனிகள் வந்தன. திரைச்சீலை, ஜோடனை, ஆர்மோனியம் என்று புதுமைகளைக் கொண்டு வந்தன.

சுவாமிகள் கூத்தைத் தள்ளவில்லை. புதுமையையும் தள்ளவில்லை. வெண்பா எழுதினார். சிந்து எழுதினார். கர்நாடக ராகத்திலும் பாட்டு அமைத்தார். பார்சி மெட்டிலும் பாட்டு அமைத்தார். படித்தவனுக்கும் அது பிடித்தது. படிக்காதவனுக்கும் அது புரிந்தது!

சுமார் 40 நாடகங்கள் எழுதினார். "அபிமன்யு சுந்தரி" நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் டி.கே.சண்முகம் எழுதி வைத்திருக்கிறார்.

1918-ல் மதுரையில் "தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா" என்ற நாடக சபையைத் தொடங்கினார். அதில் நடித்தவர்கள் எல்லோரும் சிறு பையன்கள். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ் பெற்றவர்கள் அங்கேதான் பாடம் படித்தார்கள்.

1922-ல் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார். அவருக்கு மனைவி இல்லை. மக்கள் இல்லை. அவர் விட்டுப் போன சொத்து நாடகப் பாட்டுக்கள்தான். அந்தச் சொத்தை வைத்துத்தான் இன்றும் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது.

மேடையில் பிறந்த நட்சத்திரங்கள்

அந்த மேடையில் இருந்து வந்தவர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. ஒலிபெருக்கி இல்லாத காலம். ஆனாலும் அவர் எடுத்துப் பாடினால் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் அவருக்கு ஈடாகப் பாடினார். இலங்கையில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். கூட்டம் அலைமோதியது. 1927-ல் திருமணம் செய்து கொண்டார்கள்.

1933-ல் கிட்டப்பா இறந்து விட்டார். அப்போது அவருக்கு வயது 27 தான்! சுந்தராம்பாள் அன்று உடுத்திய வெள்ளைப் புடவையைக் கடைசி வரையில் மாற்றவில்லை. 1935-ல் வந்த "பக்த நந்தனார்" படத்தில் ஆண் வேடம் போட்டு நடித்தார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது நாட்டையே வியக்க வைத்தது.

1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படம் "காளிதாஸ்". அதன் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி நாடக மேடையில் இருந்து வந்தவர். எம்.கே.தியாகராஜ பாகவதரின் முதல் படம் 1934-ல் வந்த "பவளக்கொடி". அதுவும் மேடை நாடகம்தான். எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன், பி.யு.சின்னப்பா, என்.எஸ்.கிருஷ்ணன் எல்லோரும் சிறு வயதில் நாடகக் கம்பெனியில் தொழில் படித்தவர்கள்.

சினிமாவைப் பெற்ற தாய் நாடகம். பிள்ளை மாளிகைக்குப் போய்விட்டான். தாய் இன்னும் கிராமத்தில்தான் இருக்கிறாள்!

மேடையிலேயே போன உயிர்

இன்னொருவரை மறக்கவே கூடாது. அவர் விஸ்வநாததாஸ்.

1886-ல் சிவகாசியில் பிறந்தவர். திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முடி திருத்தும் சமூகத்தைச் சேர்ந்தவர். அவருடைய சாதியைச் சொல்லி, சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் உண்டு. அவருடைய பாட்டைக் கேட்ட மக்களோ சாதி பார்க்கவில்லை. கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

அவர் முருகன் வேஷத்தில் வருவார். கதை வள்ளி கதைதான். பாட்டு மட்டும் தேச விடுதலைப் பாட்டு! தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில், வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு வரும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியது. கொக்கு என்றால் எந்த வெள்ளையன் என்று சபைக்குத் தெரியும். போலீசுக்கும் தெரியும்.

நாடகங்களை அடக்குவதற்கென்று வெள்ளைக்கார அரசு 1876-லேயே ஒரு சட்டம் செய்து வைத்திருந்தது. விஸ்வநாததாஸ் பல முறை சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் மறுபடி வேஷம் கட்டினார். மறுபடி பாடினார்.

1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் "வள்ளி திருமணம்" நடந்தது. முருகன் வேஷத்தில் மயில் மீது உட்கார்ந்து பாடிக் கொண்டிருந்தார். பாடும்போதே உயிர் பிரிந்தது.

கலைஞன் நாட்டுக்கு என்ன செய்தான் என்று யாராவது கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஒத்திகை இல்லாத அதிசயம்

இன்று கிராமங்களில் நடப்பதை "ஸ்பெஷல் நாடகம்" என்று சொல்கிறார்கள். அது எப்படி நடக்கிறது தெரியுமா?

இதற்குக் கம்பெனி கிடையாது. முதலாளி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரில் இருப்பார். ஸ்திரீபார்ட் வேறு ஊரில் இருப்பார். பபூன் ஓர் ஊர். டான்ஸ் ஆடுபவர் ஓர் ஊர். ஆர்மோனியம், மிருதங்கம் வாசிப்பவர்கள் மற்றோர் ஊர். திருவிழா நடத்தும் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முன்பணம் கொடுத்துப் பேசுவார்கள். படங்கள் போட்ட நோட்டீஸ் அடிப்பார்கள்.

அன்று இரவுதான் எல்லோரும் ஒன்று சேருவார்கள். ஒத்திகை கிடையாது. முகத்தில் பவுடரைப் பூசிக் கொண்டு நேரே மேடை ஏற வேண்டியதுதான். ஆனாலும் நாடகம் தடுமாறாது!

காரணம் சுலபமானது. எல்லோரும் படித்தது ஒரே பாடம். சுவாமிகள் எழுதிய பாட்டு வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று ஆர்மோனியக்காரருக்கும் தெரியும்.

மனப்பாடத்தோடு மட்டும் நிற்பதும் இல்லை. வள்ளிக்கும் முருகனுக்கும் நடுவே தர்க்கம் வரும். ஒருவர் கேள்வி போடுவார். மற்றவர் அந்த நிமிஷமே பதில் சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்றால் சபை சிரித்துவிடும். புராணம் தெரிய வேண்டும். தமிழ் தெரிய வேண்டும். ராகம் தெரிய வேண்டும். தூக்கம் மட்டும் வரக் கூடாது!

பள்ளிக்கூடம் அதிகம் போகாத பலர் இதைச் செய்கிறார்கள். இது சாதாரணத் திறமையா?

ஊர் கூப்பிட்டால்தான் சோறு

இந்தக் கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. மாசி, பங்குனி, சித்திரை என்று திருவிழாக் காலத்தில்தான் வேலை. அந்தச் சில மாத வருமானத்தை வைத்து வருஷம் முழுவதும் ஓட்ட வேண்டும்.

2020-ல் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கொரோனா ஊரடங்கு மார்ச் மாதத்தில் வந்தது. சரியாகப் பங்குனி! கோவில் வாசல் மூடியது. நாடகமும் நின்றது. அந்த வருஷ வருமானம் போயிற்று. 2021-லும் சீசன் பாழாயிற்று. பாடத் தெரிந்தவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள்.

அந்த நோய் ஓர் உண்மையைக் காட்டியது. இந்தக் கலையைத் தாங்கி நிற்பது ஊர் மக்கள் வீட்டுக்கு வீடு போடும் வரிப்பணம்தான். ஊர் கூப்பிட்டால் நாடகம் உண்டு. ஊர் கூப்பிடாவிட்டால் நாடகம் இல்லை. பரிசும் பட்டமும் மரியாதை தரும். உலையில் அரிசி போடாது.

"கூத்தாடி" என்று சொல்லாதீர்கள்

ஊர் கூப்பிடுகிறது. ஆனால் மரியாதையோடு கூப்பிடுகிறதா?

யாரையாவது திட்ட வேண்டும் என்றால் "கூத்தாடி" என்கிறோம். அதிலும் பெண் கலைஞர்கள் படும் பாடு பெரிது. இரவில் பயணம் செய்து, இரவில் வேலை பார்த்து, விடிந்த பின் வீடு திரும்புகிறவளைத் தெரு ஒரு மாதிரியாகப் பார்க்கிறது. ஆஸ்பத்திரி நர்சும் இரவில்தான் வேலை பார்க்கிறார். அவரை அப்படிப் பார்க்கலாமா? இருவருமே குழந்தைகளுக்குச் சோறு போட உழைக்கும் தாய்மார்கள்தானே!

மேடையில் வள்ளியாக வந்தால் கையெடுத்துக் கும்பிடுகிறோம். மேடையை விட்டு இறங்கினால் மட்டம் தட்டுகிறோம். இது நியாயம் இல்லை.

கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. பபூன் காட்சியில் சில இடங்களில் இரட்டை அர்த்தப் பேச்சு மிதமிஞ்சிப் போகிறது. குழந்தைகளோடு வந்த தாய்மார்கள் தலை குனிகிறார்கள். சிரிப்பு வேண்டும். நாலு பேர் எழுந்து போகும்படியான சிரிப்பு வேண்டாம். குடும்பங்கள் வந்தால்தான் அடுத்த வருஷமும் ஊர் கூப்பிடும்.

நாம் செய்யக் கூடியது

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். சில காரியங்கள் போதும்.

முதலாவது, திருவிழாவில் ஓர் இரவை இசை நாடகத்துக்கு என்று ஒதுக்குங்கள். மற்ற இரவுகளில் பாட்டுக் கச்சேரி வைத்துக் கொள்ளுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டாவது, பேசிய பணத்தைப் பேசியபடி, அவர்கள் ஊரை விட்டுப் புறப்படும் முன் கொடுத்து விடுங்கள். "நாளைக்கு வா" என்று சொல்லாதீர்கள். நாளைக்கு அவர் வேறு ஊர் மேடையில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, பெண்கள் உடை மாற்ற மறைவான இடமும், கழிப்பறையும், குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். குடித்துவிட்டு மேடை அருகே கலாட்டா செய்பவனை ஊர்ப் பெரியவர்களே அடக்க வேண்டும்.

நான்காவது, அனுமதி விஷயம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு உண்டு. 2000-ம் ஆண்டு வந்த விதி அது. நோயாளிகளும் படிக்கும் பிள்ளைகளும் தூங்க வேண்டும். விதி சரிதான். ஆனால் நாடகம் தொடங்குவதே 10 மணிக்குத்தானே! ஆகவே மரத்துக்கு மரம் குழாய் கட்டாமல், பந்தலுக்குள் மட்டும் கேட்கும்படி ஒலியை வையுங்கள். முன்னிரவிலேயே தொடங்கிச் சுருக்கமாக முடிப்பதற்கும் கலைஞர்கள் பழக வேண்டும். அதிகாரிகளும் அனுமதி உண்டா, இல்லையா என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடைசி நாளில் இல்லை என்றால், கொடுத்த முன்பணமும் போகிறது. கலைஞர் பிழைப்பும் போகிறது.

ஐந்தாவது, நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ல் அரசு நல வாரியம் அமைத்தது. அதில் பதிவு செய்யாத கலைஞர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாமல் நிற்பவருக்கு, ஊரில் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாமே!

இவற்றில் எதற்கும் அதிகச் செலவு இல்லை. மனசுதான் வேண்டும்.

பெற்றோர்களே! இந்த வருஷத் திருவிழாவில் நாடகம் நடந்தால் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். செல்போனைப் பையில் வையுங்கள். வள்ளி கேட்கும் கேள்விக்கு முருகன் என்ன பதில் சொல்லப் போகிறான் என்று அவர்களும் காத்திருக்கட்டும்.

சுவாமிகள் எழுதிய பாட்டு இருக்கிறது. பாடுகிற குரலும் இருக்கிறது. கேட்பதற்கு ஊர் உட்கார வேண்டும். அது நம் கையில்தான் இருக்கிறது!