சார்பின் சார்பையும் அறிதல் வேண்டும்

கல்பாத்திப் புழையில் நீராடுவோர் தம் கண்முன் உள்ள படித்துறையையே காண்பர். ஆயினும் அந்நீர் மலம்புழா, வாளையாறு, கோரையாறு முதலியவற்றின் வழியே வருவது. மேலே கலந்த மாசு கீழேயும் வந்து சேரும். மென்பொருளின் நிலையும் இத்தகையதே.

மென்பொருள் ஆக்குவோர் அனைத்தையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிய நிரல் நூலகங்களை எடுத்தாளுகின்றனர். அந்நூலகம் வேறொன்றைச் சார்ந்திருக்கும். அது பிறிதொன்றைச் சார்ந்திருக்கும். இதனை வழிச்சார்பு எனலாம். மேவன், கிரேடில் போன்ற கருவிகள் இவையனைத்தையும் தாமே கொணர்ந்து சேர்க்கின்றன. ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் கோரப்படின், சார்பு மரத்தில் அண்மையில் நிற்பதை மேவன் ஏற்கும், அது பழையதாயினும்; கிரேடில் இயல்பாகப் புதியதை ஏற்கும். எப்பதிப்பு வேண்டும் என்பதை ஆக்குவோரே வெளிப்படையாகக் குறித்து வைப்பதுதான் முறை.

இதில் அசட்டை கூடாது என்பதை 2021 டிசம்பர் உணர்த்திற்று. லாக்ஃபோர்ஜே என்னும் ஜாவா நூலகத்தில் அப்போது பெருங்குறையொன்று வெளிப்பட்டது. மேவன் மையக் களஞ்சியத்தில் 35,000க்கு மேற்பட்ட தொகுதிகள், அதாவது நூற்றுக்கு எட்டுக்கு மேல், அக்குறைக்கு ஆளாகியிருந்ததாகக் கூகுள் ஆய்வாளர் அம்மாதமே கணக்கிட்டனர். அவற்றுள் பெரும்பாலானவை அந்நூலகத்தை நேரே கோரியவை அல்ல, வழிச்சார்பாகவே பெற்றவை. ஆதலின் திருத்தம் படிப்படியாகவே பரவ வேண்டியதாயிற்று.

உறுப்புகள் அனைத்தையும் பட்டியலிடுவது வீண்வேலை என்பார் சிலர். அது பொருந்தாது. பட்டியல் இல்லையேல், குறை வெளிப்படும் நாளில் தம்மிடம் அது உளதா என்று அறியவே பல நாட்கள் கழியும். பதிப்பைக் குறித்துவிட்டு மறந்துவிடுவதும் தீதே. காலந்தோறும் அதனைப் புதுப்பித்தல் இன்றியமையாதது. செர்ட்-இன் எனப்படும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு, இத்தகைய உறுப்புப் பட்டியலுக்கான வழிகாட்டு நெறிகளை 2024 அக்டோபரில் வெளியிட்டது. அலுவலகங்கள் மென்பொருள் பெறும்போதே அப்பட்டியலையும் கேட்டுப் பெறுதல் நலம்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டப் பள்ளி ஆசிரியர்க்கு இதனைக் கற்பித்தல் எளிது. கேரளப் பள்ளிகளில் வழங்கும் கைட் லினக்ஸ் உபுண்டுவை அடியொற்றியது. அதில் ஆப்ட் கருவியால் ஒரு தொகுதியை நிறுவ முயன்றால், உடன்வரும் தொகுதிகளின் பட்டியல் திரையில் தோன்றும். மாணவர் அதனைப் படித்தறிந்த பின்னரே இசைவு தரப் பழகுவாராயின், நாளை அவர்கள் ஆக்கும் மென்பொருளும் நம்பத்தக்கதாய் அமையும்.