தேய்க்கத் தேய்க்கத் தேய்மானம்தான்!

ஆயுத பூஜைக்கு முதல் நாள், பழைய கார் நிற்கும் ஏதாவது ஒரு வீட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். அம்பாசடரோ பத்மினியோ வைத்திருக்கும் பெரியவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் ரப்பிங் காம்பவுண்ட் டப்பா, மறு கையில் பனியன் வேஸ்ட்டோடு பானெட்டிடம் மல்லுக்கட்டிக் கொண்டிருப்பார். அரை மணி நேரத்தில் துணி முழுக்கக் காரின் நிறம் ஏறிவிடும். "பாத்தீங்களா, எவ்ளோ அழுக்கு!" என்று பெருமையாக வேறு காட்டுவார்.

சாமி, அது அழுக்கு இல்லை. அது பெயின்ட்!

இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே 'கிளியர் கோட்' என்று கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு. அந்தக் காலத்து ஒற்றை நிறக் கார்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. நிறமே வெயிலையும் மழையையும் நேராக வாங்கிக்கொள்ளும். புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து மேல்தோலைச் சிதைக்க, அது சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்துப்போகும். காம்பவுண்டில் இருப்பது நுண்ணிய உராய்வுப் பொடி. அது அந்த வெளுத்த தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் புதுத் தோலைக் காட்டுகிறது. "பளபளப்பு வந்துடுச்சு" என்று சந்தோஷப்படுகிறோமே, அது எங்கிருந்தோ வந்ததல்ல. கைவசம் இருந்ததில் கொஞ்சம் போய்விட்டது, அவ்வளவுதான்.

எவ்வளவுதான் கைவசம் இருக்கிறது? ஒரு ஜெராக்ஸ் பேப்பரின் கனம் சுமார் 100 மைக்ரான். மறுபடி பெயின்ட் அடிக்காத ஒரு காரில் ப்ரைமரையும் சேர்த்தே ஏறக்குறைய அந்த அளவு கனம்தான் இருக்கும். அதிலும் நிறம் ஒரு பங்குதான். பானெட் மடிப்பு, மட்கார்டு விளிம்பு போன்ற இடங்களில் இன்னும் மெல்லிசு. வருஷா வருஷம் அந்தப் பேப்பரைச் சுரண்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் விளிம்பில் ப்ரைமர் பல்லிளிக்கும்.

பி.காம். முதல் வருடப் பாடத்தை இங்கே கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளலாம். முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று அக்கவுன்டன்சியில் வருமே? காரின் அசல் பெயின்ட் முதல் மாதிரி. மெழுகு பூசுவது வருவாயினச் செலவு. தீரும், மறுபடி பூசலாம், முதல் அப்படியே இருக்கும். காம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பது முதலிலிருந்தே எடுத்துத் தின்பது. தேய்மானம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது :-)

இதில் பெரிய குழப்பமே பெயரில்தான். பாலிஷ், வாக்ஸ் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். பாலிஷ் எடுக்கும், வாக்ஸ் சேர்க்கும். கார்னோபா மெழுகு என்பது வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து வருவது. மிட்டாய்க்குப் பளபளப்பு ஏற்றவும் அதைத்தான் பூசுகிறார்கள். சுத்தமான வாக்ஸில் உராய்வுப் பொடி இருக்காது. 'கிளீனர் வாக்ஸ்' என்று டப்பாவில் போட்டிருந்தால் மட்டும் உஷார். அதில் பெரும்பாலும் சுரண்டும் சரக்கும் சேர்ந்தே இருக்கும்.

"கடையில் கொடுத்தால் மெஷின் போட்டு, செராமிக் கோட்டிங்கும் அடிச்சுத் தருவாங்களே?" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். புதுக் காருக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் கோட்டிங் அடிப்பதற்கு முன்னால் அங்கே வழக்கமாகச் செய்வது என்ன? மெஷின் வைத்துக் கீறல்களைத் தேய்த்து எடுப்பதுதான். இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் சீவிவிட்டு, மிச்சத்துக்குக் கவசம் போடுவது என்ன கணக்கு? இன்னொரு கோஷ்டி மண்ணெண்ணெய், டீசல் பார்ட்டி. அந்தப் பளபளப்பு வெறும் எண்ணெய்ப் பசை. முதல் தூசி வந்து ஒட்டியதுமே சாயம் வெளுத்துவிடும். அந்தத் தூசியைத் துடைக்கும்போது புதுசாய்க் கீறல் விழும்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? ரொம்பச் சுலபம். காரை நிழலில் நிறுத்துங்கள். பானெட் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள். பிறகு ஒரு பக்கெட்டில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் துணி அலச நல்ல தண்ணீர். போர் தண்ணீர் என்றால் காயவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உப்புக்கறை நிற்கும். வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் எடுத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் கிளியர் கோட் இல்லை என்று அர்த்தம். சோதனை அத்தோடு முடிந்தது, நிறுத்திக்கொள்ளுங்கள். பெயின்ட் வறண்டு கிடந்தால் உராய்வுப் பொடி இல்லாத, எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸ் தடவி ஒரு ராத்திரி ஊறவிட்டுத் துடையுங்கள். பாதி உயிர் அதிலேயே வந்துவிடும். கடைசியில்தான் வாக்ஸ், அதுவும் மெல்லிசாக, ஒவ்வொரு பகுதியாக. அப்பிப் பூசினால் துடைக்கக் கை வலிக்குமே தவிரக் கூடுதல் பலன் கிடையாது. ரப்பர் பீடிங்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளைக் கறை போகவே போகாது. நம் ஊர் வெயிலில் இது வருஷக்கணக்கில் நிற்காது, சில வாரங்களுக்கு ஒரு தடவை மறுபடி பூசவேண்டும். சோம்பேறிகளுக்கு இந்த வேலை சரிப்படாது!

துருப்பிடித்து ஓட்டை விழுந்த தகட்டை மெழுகு காப்பாற்றாது, உண்மைதான். சுண்ணாம்பாகவே மாறிவிட்ட பெயின்டை ஒரு தடவை லேசாகத் தேய்த்துத்தான் ஆகவேண்டும், அதுவும் உண்மைதான். ஆனால் ஒரு தடவைக்கும் வருஷா வருஷத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது.

"போனால் போகுது, பட்டி பார்த்துப் புதுசா அடிச்சுட்டாப் போச்சு" என்பவர்களிடம்தான் உண்மையான சண்டை. பெயின்ட் எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் அசல் என்பது ஒரே தடவைதான். உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இனி எந்தத் தொழிற்சாலையும் அந்தப் பூச்சைத் திரும்பப் போட்டுத் தரப்போவதில்லை. 2021-ல் வந்த மத்திய அரசின் விண்டேஜ் வாகன விதிகள்கூட, 50 வருடம் தாண்டினால் மட்டும் போதாது, வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. அமெரிக்காவின் பெப்பிள் பீச் கார் போட்டியில், புதுப்பிக்காமல் அப்படியே பாதுகாத்த கார்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அங்கே மங்கிய பெயின்டுக்கு மரியாதை. இங்கே தாத்தா கை வைத்துக் கை வைத்து மழுங்கிப்போன கதவு விளிம்பைப் பேரன் பஃபிங் மெஷின் வைத்து அழிக்கிறான். கேட்டால், மெயின்டனன்ஸாம்!

ஆயுத பூஜை என்பது சோறு போட்ட கருவிக்கு மரியாதை செய்கிற நாள். சந்தனம் வைக்கலாம், குங்குமம் வைக்கலாம் (மறுநாள் காய்ந்ததைச் சுரண்டாமல் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுங்கள்). மெழுகும் பூசலாம். தயவுசெய்து அந்தக் காம்பவுண்ட் டப்பாவை மட்டும் மூடி வையுங்கள். தாத்தா கார் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. தாத்தாவும் அப்படித்தானே இருந்தார்?