எத்தனை மெகாபிட் என்பது இரண்டாவது கேள்வி

வீட்டு இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்த குடும்பம் முதலில் பார்ப்பது கட்டண அட்டவணையைத்தான். அதில் இரண்டு எண்கள்தான் பெரிதாக அச்சாகியிருக்கும்: மாதத்துக்கு எத்தனை ரூபாய், நொடிக்கு எத்தனை மெகாபிட். 40, 100, 200, 300 என்று ஏறிக்கொண்டே போகும் அந்த இரண்டாவது எண்ணை வைத்தே ஆள் பிடிக்கிறார்கள். இணைப்பு மாதத்தில் எத்தனை முறை அறுந்துபோகும், அறுந்தால் சரிசெய்ய ஆள் வர எத்தனை நாளாகும் என்பதற்கு அங்கே ஒரு கட்டம்கூடக் கிடையாது. இத்தனைக்கும் “நெட் அடிக்கடி போகுது” என்ற அலுப்பில்தான் பல வீடுகளில் மாற்றுகிற பேச்சே எழுகிறது. விட்டுவிட்டு வரும் இணைப்பால் நொந்தவர்கள் வேகத்தைப் பார்த்துப் புதியதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சில மாதங்களில் அதே புலம்பல் திரும்பவும் தொடங்குகிறது. ஐம்பது மெகாபிட் கிடைக்கிற பெரும்பாலான வீடுகளுக்கு வேகம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். விடாமல் வருகிறதா என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேகத்தின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படங்களுக்கு நொடிக்கு 15 மெகாபிட் போதும் என்கிறது. முழு எச்டி தரத்துக்கு 5 போதும். ஜூமில் பலர் சேர்ந்து பேசும் காணொலி அழைப்பு உயர்ந்த தரத்திலும் 4 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். கூடத்தில் 4கே படம், ஓர் அறையில் அலுவலகக் கூட்டம், இன்னோர் அறையில் பிள்ளைக்கு வகுப்பு, சமையலறையில் கைபேசியில் யூடியூப் என்று நான்கும் ஒரே நேரத்தில் ஓடினாலும் மொத்தம் 30 மெகாபிட்டைத் தொடாது. 100 மெகாபிட்டை 300 ஆக்கினால் வித்தியாசம் எங்கே தெரியும்? 50 ஜிபி அளவுள்ள ஒரு விளையாட்டைப் பதிவிறக்கும்போது தெரியும்: 67 நிமிடம் பிடித்தது 22 நிமிடமாகக் குறையும். எப்போதோ ஒருமுறை வரும் அந்த முக்கால் மணி நேர மிச்சத்துக்காகத்தான் மாதாமாதம் கூடுதல் பணம் போகிறது. அந்தக் கூடுதல் வேகமும் வீட்டுக்குள் முழுதாக வந்துசேர்வதில்லை. கூடத்தில் இருக்கும் ரவுட்டரிலிருந்து இரண்டு சுவர் தாண்டிப் பின்னறைக்குப் போவதற்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இளைத்துவிடுகிறது. அடுக்ககங்களில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. பின்னறைக் கைபேசிக்கு 100 திட்டமும் 300 திட்டமும் ஒன்றுதான்.

நம்பகத்தன்மையின் கணக்கு வேறு மாதிரி. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006இல் பிராட்பேண்டுக்கு வகுத்த தர விதிகளில் சேவை 98 சதவீத நேரமாவது கிடைக்க வேண்டும் என்றது. 98 என்றால் தேர்வில் முதல் மாணவர் வாங்கும் மதிப்பெண் மாதிரி தெரியும். முப்பது நாள் மாதத்தில் மீதி 2 சதவீதம் என்பது 14 மணி 24 நிமிடம். 99.9 சதவீதம் என்றால்தான் அது 43 நிமிடமாகக் குறையும். அந்தப் பதினான்கு மணி நேரமும் எல்லோரும் தூங்கும் இரவு இரண்டு மணிக்கு வந்தால் யாருக்கும் கவலையில்லை. வேலைநாள் காலை பத்து மணிக்கு வந்தால் வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் விடுப்பு போய்விடும். பொறியியல் கலந்தாய்வையே எடுத்துக்கொள்வோம். 2018 முதல் அது இணையவழியில்தான் நடக்கிறது. கல்லூரிகளின் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யவும், கிடைத்த தற்காலிக ஒதுக்கீட்டை உறுதி செய்யவும் சொற்ப நாட்களே தருகிறார்கள். அந்தப் பக்கத்தைத் திறக்க 2 மெகாபிட் இணைப்பு தாராளம். ஆனால் அந்த நாளில், அந்த மணியில் இணைப்பு இருந்தாக வேண்டும். வேலைக்கான நேர்காணல், மருத்துவரோடு காணொலி ஆலோசனை, வரிக் கணக்குத் தாக்கலின் கடைசி நாள் என்று வாழ்க்கையில் கனம் உள்ள இணையத் தேவைகள் பலவும் இப்படித்தான்: குறைந்த வேகம் போதும், தவறாமல் வர வேண்டும்.

இணைப்பு ஏன் போகிறது என்று தெருவில் இறங்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இன்று வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்ற முறையில் இயங்குகிறது. நிறுவனத்தின் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, வழியில் ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்த ஓர் இழையில் வரும் மொத்த வேகம் நொடிக்குச் சுமார் 2,500 மெகாபிட். 32 வீடுகளும் ஒரே கணத்தில் முழுதாக இழுத்தால் வீட்டுக்கு 78தான் கிடைக்கும். எல்லோரும் ஒரே கணத்தில் இழுப்பதில்லை என்பதால் 300 மெகாபிட் திட்டங்கள் ஓடுகின்றன. பெட்டியிலிருந்து கம்பம் விட்டுக் கம்பம் தாவி, மரக்கிளையில் உரசி, மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டப்பட்டு, ஜன்னல் சட்டத்தின் மூலையில் மடங்கி வீட்டுக்குள் நுழைகிறது தீக்குச்சி அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு கறுப்பு ஒயர். அதற்குள் இருக்கும் கண்ணாடி இழை மயிரிழை பருமன்தான். அணில் கடிக்கலாம், காற்றில் கிளை முறிந்து விழலாம், ஜன்னலோர மடிப்பு இன்னும் கொஞ்சம் இறுகலாம். முற்றிலும் அறுந்தால், வீட்டுக்குள் அந்த இழை வந்துசேரும் ஓஎன்யூ பெட்டியில் ‘லாஸ்’ என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரியும், யாருக்கும் புரியும். பாதி பழுதுதான் படுத்தும். ஓஎன்யூவின் அமைப்புப் பக்கத்தில் வந்துசேரும் ஒளியின் அளவு மைனஸ் எண்ணாகக் காட்டப்படும். அது மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால் இணைப்பு வரும், போகும், மறுபடி வரும். லைன்மேன் வந்து நிற்கும் நேரத்தில் ஒழுங்காக ஓடும்.

பெரிய அறுப்புகள் மண்ணுக்குள் நடக்கின்றன. குடிநீர்க் குழாய்க்கும் மழைநீர் வடிகாலுக்கும் மின்கேபிளுக்கும் முறைவைத்துச் சாலையைத் தோண்டும்போது ஃபைபர் அறுபடுகிறது. ஒருங்கிணைப்பில்லாத தோண்டல்களால் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் முறை ஃபைபர் அறுபடுகிறது, இழப்பு சுமார் 3,000 கோடி ரூபாய் என்று மத்திய அரசே கணக்குச் சொன்னது. 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை அறிமுகப்படுத்தியதும் அதனால்தான். 48 இழைகள் கொண்ட ஒரு கேபிள் அறுந்தால் ஒவ்வோர் இழையையும் நிறம் பார்த்து ஜோடி சேர்த்து, இயந்திரத்தில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். குழிக்குள் தண்ணீர் நின்றால் அதை இறைத்த பிறகுதான் வேலையே தொடங்கும்.

இந்த விவரங்களிலிருந்து ஒரு முடிவு தானாகவே கிடைக்கிறது. வேகம் நிறுவனத்தின் சரக்கு. மதுரையிலும் மாம்பலத்திலும் அதே 100 மெகாபிட்டை விற்க முடியும். நம்பகத்தன்மையோ தெருவின் சரக்கு. அந்தத் தெருவில் கேபிள் மண்ணுக்குள் போகிறதா, கம்பத்தில் தொங்குகிறதா; அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் கேபிள்காரரிடம் எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள்; இழை வீடுவரை வருகிறதா, மொட்டைமாடியில் இருக்கும் சுவிட்சுப் பெட்டியோடு நின்று அங்கிருந்து சாதா ஒயரில் இறங்குகிறதா என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. கடைசியாகச் சொன்னது முக்கியம். சுவிட்சுப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். அது இருக்கும் கட்டடத்தில் மின்வெட்டு என்றால் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஓடினாலும் இணையம் வராது. ஆகவே, நாட்டில் சிறந்த நிறுவனம் எது என்று தேடுவதைவிட, அதே தெருவில் அதே இணைப்பை ஒரு வருடமாக வைத்திருக்கும் இரண்டு மூன்று வீடுகளில் கேட்பது மேல். எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். கடைசியாக எப்போது போனது, எப்போது சரியானது, மின்வெட்டில் வருகிறதா என்று கேட்க வேண்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, வேகத்தை அளக்கலாம், நம்பகத்தன்மையை எப்படி அளப்பது என்பது. வேகச் சோதனை தரும் எண் துல்லியமாகத் தெரிந்தாலும் அது அளப்பது அரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தை. அதுவும் பெரும்பாலும் அதே ஊரில், பல சமயம் அதே நிறுவனத்தின் வலையமைப்புக்குள் இருக்கும் சர்வர்வரை. மாதத்தின் மற்ற நேரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தற்போதைய இணைப்பின் புகார் குறுஞ்செய்திகளைத் தேதிவாரியாகப் பார்த்தாலே பழுது எண் வந்ததற்கும் சரியானதற்கும் இடையிலான நாட்கள் தெரிந்துவிடும். கணினி பழகியவர்கள் ஒரு பிங் கட்டளையை இரவும் பகலும் ஓடவிட்டால் எத்தனை பாக்கெட்டுகள் தொலைந்தன என்று எண்ணியே சொல்லிவிடலாம்.

ஹாட்ஸ்பாட் இருக்கிறதே என்பார்கள். ஓர் அழைப்பை முடிக்கவோ ஒரு விண்ணப்பத்தை அனுப்பவோ அது கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் தினம் 2 ஜிபி என்று வரையறுத்த கைபேசித் திட்டத்தில் இரண்டு மூன்று மணி நேரக் காணொலிக் கூட்டம் அந்த நாளின் ஒதுக்கீட்டைத் தின்றுவிடும். ஒரு தெருவே இணைப்பிழந்தால் எல்லோரும் ஒரே கோபுரத்தில் போய் விழுவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் வீட்டு இணையமும் கைபேசிச் சிக்னலும் சேர்ந்தே போயின. மாற்று ஏற்பாடு முதல் ஏற்பாட்டோடு சேர்ந்து விழக்கூடியது என்றால் அதை நம்பி முதலாவதில் அசட்டையாக இருக்க முடியாது.

வேகமான இணைப்பு புதிய தொழில்நுட்பத்தில் வருகிறது, அதனால் அதுவே நம்பகமாகவும் இருக்கும் என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. செம்புக் கம்பியில் ஓடிய பழைய டிஎஸ்எல் இணைப்பை விட்டு ஃபைபருக்கு வந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. மழை பெய்தால் இணைப்புகளில் தண்ணீர் இறங்கித் தடுமாறிய காலம் அவர்களுக்கு முடிந்தது. மிச்ச பாதியைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை. ஒரே நிறுவனத்தின் 100 மெகாபிட் திட்டமும் 300 மெகாபிட் திட்டமும் ஒரே இழையில், ஒரே ஸ்பிளிட்டர் வழியாக, ஒரே ஜன்னல் மூலையில் மடங்கித்தான் வீட்டுக்குள் வருகின்றன. நிலையத்திலிருக்கும் மென்பொருளில் ஓர் எண் மாறுகிறது, அவ்வளவே. கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு நிமிடம்கூட நம்பகத்தன்மை கிடைப்பதில்லை. வேகம் உண்மையாகவே வேண்டியவர்கள் இருக்கிறார்கள்: காணொலித் தொகுப்பாளர்கள், பெரிய வடிவமைப்புக் கோப்புகளை அனுப்புகிறவர்கள். அவர்களும் பார்க்க வேண்டியது பதிவேற்ற வேகத்தை. அது பல விளம்பரங்களில் இருக்காது.

தனி வீடுகள் விசாரித்துக் கண்டுபிடிப்பதோடு இது முடியக் கூடாது. பிராட்பேண்ட் என்றால் என்ன என்று அரசு வரையறுக்கும்போதே வேகத்துக்கு மட்டுமே எண் வைத்தது: 2004இல் 256 கிலோபிட், பிறகு 512, 2023 ஜனவரியில் 2 மெகாபிட். பழுதுக்கான விதிகள் இல்லாமல் இல்லை. 2006 விதிகளின்படி பழுது மூன்று வேலைநாட்களைத் தாண்டினால் ஏழு நாள் வாடகையைக் கழித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் வந்த புதிய விதிகளும் மூன்று நாட்களைத் தாண்டிய பழுதுக்கு இழப்பீடு உண்டு என்கின்றன. வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் குடும்பத்துக்கு மூன்று நாள் என்பது மிக நீண்ட காலம். இப்படி ஒரு கழிவு உண்டு என்பதாவது எத்தனை வாடிக்கையாளர்களுக்குத் தெரியும்? பிரிட்டனில் 2019இல் தொடங்கிய ஏற்பாட்டில், சேர்ந்த நிறுவனங்கள் இரண்டு முழு வேலைநாட்களுக்குள் இணைப்பைச் சரிசெய்யாவிட்டால் அதன்பிறகு நாளொன்றுக்கு 8 பவுண்டு என்று வாடிக்கையாளர் கேட்காமலே கணக்கில் சேர்த்தன. கேட்காமலே என்பதுதான் அங்கே முக்கியம். இங்கேயும் கழிவு தானாகவே பில்லில் வர வேண்டும். அதோடு, அஞ்சல் குறியீட்டு எண் வாரியாக மாதத்துக்கு எத்தனை பழுது, சரிசெய்யச் சராசரியாக எத்தனை மணி நேரம் என்று நிறுவனங்கள் வெளியிட டிராய் கட்டளையிட வேண்டும். புகார் எண் கொடுத்துப் பதிவு செய்கிற நிறுவனங்களிடம் இந்தத் தகவல் ஏற்கெனவே இருக்கிறது. சாலையைத் தோண்டுவது மாநகராட்சி, கம்பம் மின்வாரியத்துடையது, பழி மட்டும் எங்களுக்கா என்று நிறுவனங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இணைப்பு வாங்குகிறவர் குற்றவாளியைத் தேடவில்லை, பதிவேட்டைத்தான் கேட்கிறார். மாற்றுப் பாதையில் இன்னொரு கேபிள் போடுவதும், நிலையத்தில் பேட்டரி வைப்பதும், பகுதிக்கு இன்னும் இரண்டு லைன்மேன்களைப் போடுவதும் நிறுவனங்களின் கையில்தான் இருக்கின்றன. அந்தப் பழுதுக் கணக்கு வெளியே வந்தால் அவற்றுக்குச் செலவு செய்ய ஒரு காரணமும் கிடைக்கும்.

அதுவரை மாற்றப்போகிறவர்கள் கையில் இருக்கும் ஒரே பிடி, பணம் கட்டும் முறை. கைபேசி எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு போகும் வசதி 2011 ஜனவரியிலேயே நாடு முழுவதும் வந்துவிட்டது. வீட்டு இணைய இணைப்புக்கு அப்படி ஒரு வழி இல்லை. பழையதைத் துண்டித்து, புதியதற்கு மறுபடி துளை போட்டு, நிறுவும் கட்டணமும் முன்வைப்புத் தொகையும் கட்டி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். அந்த இலவச மாதத்தை விட்டுவிட்டு மாதக் கட்டணத்திலேயே புது இணைப்பை எடுங்கள். முதல் ஒரு மாதம் பழைய இணைப்பையும் குறைந்த கட்டணத் திட்டத்தில் வைத்திருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரையான வடகிழக்குப் பருவமழை முடியும்வரை புதியது ஒழுங்காக ஓடினால், ஜனவரியில் வருடக் கட்டணத்தைப் பற்றி யோசிக்கலாம்.