வைமர் குடியரசைக் கொன்றது பணவீக்கம் அன்று

வைமர் குடியரசைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் கருத்தரங்குகளில் ஒரே சங்கிலி ஓதப்படுகிறது: வெர்சாய் ஒப்பந்தம், போர் இழப்பீடு, பணவீக்கம், தள்ளுவண்டி நிறைய நோட்டுக்கட்டு, அடுத்து ஹிட்லர். பள்ளியில் மனனம் செய்த இவ்வரிசையை ஆய்வேட்டின் முன்னுரை வரை சுமந்து வருகிறோம். சங்கிலியின் கண்ணிகள் தனித்தனியே உண்மையானவை. கோத்த முறை பிழையானது. அப்பிழையால் வரலாற்றின் கூண்டிலிருந்து தப்பிச் செல்பவர்கள் யாரென்று சொல்லவே இந்த நெடும்பதிவு.

முதலில் நாட்காட்டியைப் பார்ப்போம். மார்க் அதலபாதாளத்தைத் தொட்டது 1923 நவம்பரில். அப்போது ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். அதே மாதம் ரெண்டன்மார்க் அறிமுகமாகி நாணயம் நிலைபெற்றது. ஹிட்லர் சான்சலரானதோ 1933 ஜனவரி 30 அன்று. இடையில் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்திருந்தன. அவ்விடைவெளியில், 1928 மே தேர்தலில், நாஜிக் கட்சி பெற்றது 2.6 சதவீத வாக்கும் 12 இடங்களும்தாம். சேமிப்பை இழந்த நடுத்தர வர்க்கத்தின் கசப்பை நான் மறுக்கவில்லை. மிதவாதக் கட்சிகளின் அடித்தளத்தை அது அரித்தது. ஆயினும் அந்தப் பணவீக்கத்தின் வித்து குடியரசு பிறக்கும் முன்பே ஊன்றப்பட்டது. வென்றபின் தோற்றவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில், வரியைக் கூட்டாமல் கடன் வாங்கியே பெரும்போரை நடத்தியது கைசரின் அரசு. கடனை வாங்கியவர் ஹாலந்துக்குப் போய்விட்டார். அடைக்கும் பொறுப்பு குடியரசின் தலையில் விழுந்தது.

அடுத்து இழப்பீடு. 1921இல் லண்டனில் விதிக்கப்பட்ட தொகை 13,200 கோடி தங்க மார்க். அதில் 8,200 கோடி, ‘சி’ வகைப் பத்திரங்களாக எழுதப்பட்டது; அது வசூலாகுமென்று விதித்தவர்களே எதிர்பார்க்கவில்லை. 1931இல் ஹூவர் அறிவிப்பால் தவணைகள் நின்றன; 1932 ஜூலையில் லொசான் மாநாடு இழப்பீட்டுக்கு ஏறத்தாழ முற்றுப்புள்ளி வைத்தது. ஹிட்லர் பதவியேற்றபோது அந்தச் சுமை இல்லை. சுமை இறங்கியபின் ஆள் சரிந்தானென்றால், காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

விகிதாசாரப் பிரதிநிதித்துவமே சிறு கட்சிகளைப் பெருக்கிக் குடியரசைக் குலைத்தது என்பது மூன்றாவது வாதம். 1932 ஜூலையில் நாஜிகள் பெற்றது 37.3 சதவீதம். தொகுதியில் முந்தியவரே வென்றவர் என்னும் முறையில் அவ்வளவு வாக்கு எத்தனை இடங்களாகும் என்பதை இந்திய வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விகிதாசார முறை இருந்ததால்தான் அவர்களுக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை.

எனில் நெருக்கடியின் மையம் எது? 1930. வேலையின்மைக் காப்பீட்டுக்கான பங்களிப்பை அரை சதவீதம் உயர்த்துவது பற்றிய சச்சரவில் ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசு அவ்வாண்டு மார்ச்சில் வீழ்ந்தது. முல்லருக்கு மறுத்த 48ஆம் பிரிவின் அவசர அதிகாரத்தை, அடுத்து வந்த புரூனிங்குக்குத் தாராளமாக வழங்கினார் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். ஜூலையில் புரூனிங்கின் நிதி ஆணையை ரைஷ்டாக் நிராகரித்தது. அரசியலமைப்பின்படி அதற்கு அந்த உரிமை உண்டு. பதில் என்ன? 1932 வரை ஆயுள் இருந்த அவை கலைக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்ட ஆணை சிறு மாற்றங்களுடன் மீண்டும் பிறப்பிக்கப்பட்டது. செப்டம்பர் தேர்தலில் 12 இடக் கட்சி 107 இடக் கட்சியாயிற்று. அத்தேர்தலைக் கேட்டவர் யார்? மக்கள் கேட்கவில்லை, ஹிட்லரும் அதைக் கட்டாயப்படுத்தும் நிலையில் இல்லை.

அதன்பின் நிகழ்ந்தது பணவாட்டத்தின் ஆட்சி. விலை குறைக்க ஆணை, ஊதியம் வெட்ட ஆணை, உதவித்தொகை சுருக்க ஆணை. 1931 டிசம்பர் ஆணையொன்று ஊதியங்களை 1927 ஜனவரி நிலைக்குத் தள்ளியது. 1932 தொடக்கத்தில் பதிவுசெய்த வேலையற்றோர் மட்டும் 60 லட்சம். 1931இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் 34, அவசர ஆணைகள் 44. மறு ஆண்டு சட்டங்கள் 5. ஆணைகளோ ஏறத்தாழ 60. நாஜிகளை வளர்த்தது இந்தப் பசி. நோட்டுக்கட்டு மலிந்த காலத்தில் அவர்கள் ஓரங்கட்டப்பட்ட கும்பல்; காசு அருகிய காலத்தில் நாட்டின் முதற்கட்சி.

புரூனிங்குக்கு வேறு வழியில்லை என்று பொருளியல் வரலாற்றாளர் போர்ஷார்ட் வாதிட்டது நண்பர்களுக்கு நினைவிருக்கும். வெளிக்கடன் கிடைக்கவில்லை, 1923இன் அச்சம் நீங்கவில்லை என்பவை உண்மையான தடைகளே. ஆனால் 1932 தொடக்கத்திலேயே தொழிற்சங்கங்கள் பொதுப்பணித் திட்டமொன்றை முன்வைத்தன. அவ்வாண்டு முடிவதற்குள் பாப்பனும் ஷ்லைஷரும் அதே கருவூலத்தை வைத்துக்கொண்டு வேலைவாய்ப்புத் திட்டங்களைத் தொடங்கினர். முடியாதது என்று சொல்லப்பட்டது ஆள் மாறியவுடன் முடிந்தது எப்படி?

நாடாளுமன்றத்தை ஒதுக்கிவைத்த இத்துணிவு திடீரென வந்ததன்று. பேரரசின் நீதிபதிகளையும் படைத்தலைவர்களையும் அதிகாரிகளையும் அப்படியே ஏற்றுக்கொண்டு பிறந்தது இக்குடியரசு. 1918 நவம்பரில் எபர்ட்டும் தளபதி குரோனரும் செய்துகொண்ட உடன்பாடு அதன் பிறவிக்குறை. 1920 மார்ச்சில் காப் கலகக்காரர்கள் பெர்லினைப் பிடித்தபோது, அவர்களை எதிர்த்துப் படையை அனுப்பத் தளபதி சேக்ட் மறுத்தார். குடியரசைக் காத்தது தொழிலாளரின் பொது வேலைநிறுத்தம். சில வாரங்களில் அதே படை ரூர் தொழிலாளரைச் சுட்டு ஒடுக்கியது. 1924இல் தேசத்துரோகக் குற்றவாளி ஹிட்லருக்கு ஐந்தாண்டு தண்டனை; அவ்வாண்டு டிசம்பரிலேயே விடுதலை.

புள்ளியியல் மாணவர்களும் நீரியல் மாணவர்களும் அறிந்த ‘கும்பெல் பரவல்’ யாருடையது? ஹைடல்பெர்க்கில் கற்பித்த எமில் கும்பெலுடையது. அவர் 1919 முதல் 1922 வரையிலான அரசியல் கொலைகளைக் கணக்கெடுத்தார். வலதுசாரிகள் செய்தவை 354; தண்டனையின்றிப் போனவை 326. இடதுசாரிகள் செய்தவை 22. தண்டனையின்றிப் போனவை 4. குடியரசின் நோய்க்குறிப்பு இந்த நான்கு எண்களில் இருக்கிறது. அதைப் படிக்க விரும்பாத பல்கலைக்கழகம் 1932இல் அவருடைய கற்பிக்கும் உரிமையைப் பறித்தது. ஹிட்லர் அப்போது ஆட்சியில் இல்லை. ஜெர்மன் மாணவர் ஒன்றியத்தின் தலைமை மட்டும் 1931லேயே நாஜி மாணவர்களின் கைக்குச் சென்றுவிட்டிருந்தது.

இடதுசாரிகளின் பங்கை மறைப்பதும் நேர்மையன்று. சமூக ஜனநாயகவாதிகளைச் ‘சமூகப் பாசிஸ்டுகள்’ என்று ஏசிய கம்யூனிஸ்டுகளும், புரூனிங்கைப் பொறுத்துக்கொண்ட சமூக ஜனநாயகவாதிகளும் தத்தம் பிழைக்கு விடைசொல்ல வேண்டியவர்களே. 1932 ஜூலை 20 அன்று பாப்பன் ஓர் அவசர ஆணையால் பிரஷ்ய மாநில அரசைப் பதவிநீக்கியபோது, அவர்கள் நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள். ஆனால் எதிர்க்கத் தவறியவனும் கதவைத் திறந்துவிட்டவனும் ஒரே தட்டில் நிறுக்கப்படக் கூடாது.

கதவு திறக்கப்பட்ட தருணத்தையும் கவனியுங்கள். 1932 நவம்பரில் நாஜிகள் 20 லட்சம் வாக்குகளை இழந்திருந்தனர். இடங்கள் 230இலிருந்து 196 ஆகச் சரிந்திருந்தன. சரிந்துகொண்டிருந்தவரை பன்னிரண்டே வாரங்களில், பாப்பனின் பேரத்தாலும் ஹிண்டன்பர்க்கின் கையெழுத்தாலும், தூக்கி நிறுத்தியது அவரை அடக்கி ஆளலாம் என்று கணக்கிட்ட மேட்டுக்குடி.

48ஆம் பிரிவின் வாசகமே குற்றவாளி என்போர் ஒன்றை நினைவில் கொள்ளட்டும்: எபர்ட்டும் அதை நூற்றுக்கும் மேற்பட்ட முறை பயன்படுத்தினார். எழுத்து ஒன்றே, பயன்படுத்திய கையும் நோக்கமும் வேறு. 1949இல் நம் அரசியலமைப்பு அவையில் நெருக்கடிநிலைப் பிரிவுகள் விவாதிக்கப்பட்டபோது, வைமரைச் சுட்டி எச்சரித்தவர் ஹெச்.வி. காமத். 1975இல் அவரும் சிறையிலடைக்கப்பட்டார்.

ஆகவே ஆசிரியர்களிடமும் சக ஆய்வாளர்களிடமும் என் கோரிக்கை எளியது. ‘ஜனநாயகம் தற்கொலை செய்துகொண்டது’ என்ற வாக்கியத்தை வகுப்பறையிலிருந்து விலக்குங்கள். பணவீக்கத்தைக் கூண்டிலேற்றினால் குற்றவாளி ஓர் எண்ணாகிவிடுகிறான். நீதிபதியும் தளபதியும் நிலக்கிழாரும் பேராசிரியரும் பார்வையாளர் வரிசையில் அமர்ந்துகொள்கிறார்கள். மாணவர்களுக்குத் தள்ளுவண்டிப் படத்தைக் காட்டும் நாளில், கும்பெலின் அந்த நான்கு எண்களையும் கரும்பலகையில் எழுதுங்கள்.