உடவத்தகெலே வாயிலில் ஒரு வரவேற்பு

கண்டிக்கு வருவோர் தலதா மாளிகையைத் தரிசிப்பர், வாவிக்கரையில் உலாவுவர், பேராதனைப் பூங்காவிற் பகற்பொழுதைப் போக்குவர். மாளிகையின் பின்னே குன்றின்மேல் எழுந்து நிற்கும் காட்டையோ, பலர் அண்ணாந்து பார்ப்பதோடு அமைந்துவிடுவர். மலைநாட்டுப் பாடசாலைகளிலிருந்து சுற்றுலா வரும் நம் பிள்ளைகளும் பெரும்பாலும் அவ்வாறே மீளுகின்றனர். இந்நிலை மாறவேண்டும் என்பது எமது கருத்து.

அரண்மனைக்கு மேலுள்ள தோட்டம் என்னும் பொருளில் 'உடவாசல வத்த' என வழங்கிய இடமே இன்றைய உடவத்தகெலே. அரச குடும்பத்தினரன்றிப் பிறர் புகலாகாது என்னும் விதி இருந்தமையால் 'தஹன்சி கெலே', அஃதாவது விலக்கப்பட்ட காடு, என்ற பெயரும் அதற்கு உண்டு. 1815 இல் முடியாட்சி முடிந்தது. 1856 இல் ஆங்கில அரசினர் அதனை ஒதுக்குக் காடாக்கினர். 1938 இல் அது சரணாலயமாயிற்று. ஒரு நகரத்தின் நடுவே ஏறத்தாழ 104 ஹெக்டேர் காடு எஞ்சியிருத்தல் எந்நாட்டிலும் எளிதிற் காணக்கூடியதன்று. இன்று சீட்டுப் பெற்று எவரும் உட்செல்லலாம். ஆனால் 'புகலாம்' என்பது வேறு, 'வருக' என்பது வேறு.

வரவேற்பு வசதி என்றவுடன் சிலர் கட்டடத்தையும் சிற்றுண்டிச்சாலையையும் நினைக்கின்றனர். துப்புரவான மலசலகூடமும், குடிநீரும், முதியோர் அமர ஒரு வாங்கும், வழிகளைக் காட்டும் படமும் வேண்டுவனவே, அவற்றை மறுப்பாரில்லை. எனினும் முதன்மையாக வேண்டுவது வாயிலில் நின்று எடுத்துச் சொல்லும் ஓர் ஆளே. சொல்வாரின்றிக் காட்டினுட் செல்பவன் மரங்களைக் காண்பான்; காட்டைக் காணான்.

சான்றாக, அங்குள்ள நடைபாதைகளுள் ஒன்று ஹோட்டன் சீமாட்டியின் பெயரால் வழங்குகிறது. 1831 முதல் 1837 வரை இலங்கையை ஆண்ட தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் மனைவியார் அவர். ஆங்கிலக் கவிஞர் பைரன் புகழ்ந்து பாடிய அழகியும் அவரே. இதனைக் கேட்டறிந்த மாணவன் அப்பாதையில் நடப்பது வேறு வகையாயிருக்கும். பாதையோரத்து இளங்கன்றுகளைக் கண்டு, காடு நன்றாகச் செழிக்கின்றது என அவன் மகிழவுங்கூடும். அவற்றுட் பல தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பால்சம் மரத்தின் கன்றுகள். சிறகுடைய காய்கள் காற்றிற் பரந்து முளைத்து உள்ளூர் மரங்களின் இடத்தைக் கவர்ந்துகொள்ளுகின்றன. இதையும் ஒருவர் சொல்லித்தான் அறியவேண்டும். மழைக்காலத்து அட்டைகளைப் பற்றியும் முன்னரே சொல்லிவிடுதல் நன்று. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அட்டை புதிதன்று. கொழும்பிலிருந்து வந்தவரோ ஒன்றைக் கண்டதும் திரும்பிவிடுவர்!

கூட்டத்தை வரவேற்றாற் காடு அழியும் என்று அஞ்சுவாரும் உளர். குரங்குகளுக்குத் தீனி போடுவதும், உரத்த ஓசையெழுப்புவதும், பாதையை விட்டு விலகிச் செடிகளை மிதிப்பதும் கேடே. ஆகவே அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆனால் அத்தவறுகளைச் செய்வோருட் பெரும்பாலோர் எவரும் தம்மிடம் ஒன்றும் கூறாத காரணத்தாலேயே செய்கின்றனர். அதே தேசாதிபதியின் பெயர் பூண்ட ஹோட்டன் சமவெளியைப் பாருங்கள். 1988 இல் தேசியப் பூங்காவாகிய அவ்விடத்தில், பிரயாணிகளின் பைகளை வாயிலிலேயே சோதித்துப் பொலித்தீனை அகற்றுகின்றனர். சிறிது சிரமந்தான், எனினும் எதற்காக இது செய்யப்படுகிறது என்று விளக்கினால் எவரும் முகஞ்சுளியார். முற்பகலிலேயே முகில் மூடி 'உலக முடிவு' மறைந்துவிடுவதுண்டு என்பதையும் வழிப்பயணம் தொடங்குமுன் அறிந்தவரே விடியலிற் சென்று பயனடைகின்றனர். எங்கே எப்பொழுது எவ்வாறு செல்வது என்பதைக் காலத்தோடு சொல்லுதலும் வரவேற்பில் ஒரு பாதியாகும்.

எந்த மொழியிற் சொல்வது? 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. ஆதலின் பலகையிலும் படத்திலும் மும்மொழியும் பிழையின்றி இருத்தலை நாம் கேட்பது சலுகையன்று. பிழையின்றி என்பதை அழுத்திச் சொல்லுகிறோம். பொதுவிடங்களிற் காணும் தமிழ்ப் பலகைகள் சிலவற்றைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று அறியாது நின்ற அனுபவம் வாசகர் பலருக்கும் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் வன பரிபாலனத் திணைக்களமே செய்க என்று கையைக் கட்டி இருத்தல் நமக்கு அழகன்று. கேளையாடு, சருகுமான், தேவாங்கு, மலைமைனா என்னும் பெயர்களைப் புத்தகத்திற் படித்த நம் மாணவர், அவை வாழும் இடத்தில் நின்று பிறருக்குச் சொல்லவும் வல்லவராதல் வேண்டும்.

திணைக்களத்தின் இசைவு பெற்று, விடுமுறை நாட்களில் மேல்வகுப்பு மாணவர் இருவரை வாயிலில் நிறுத்தலாம். அவர்களைப் பயிற்றுதற்குத் தாவரவியலும் விலங்கியலும் கற்பிக்கும் ஆசிரியர் நம்மிடையே உளர். தமிழில் ஒரு சிறு கைந்நூலை அச்சிடும் செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்கலாம். யூபிலி ஆண்டிற் பந்தலுக்கும் விருந்துக்கும் திரட்டும் பணத்தில் ஒரு சிறு கூறே அதற்குப் போதும். அந்நூலில் முதற்பக்கத்தில் வழிப்படமும், இரண்டாம் பக்கத்தில் அட்டைக்கு மருந்தும் இடம்பெறட்டும். மரங்கள் அதன் பின்னர் வரட்டும்.