காயல்பட்டினத்தின் 95 செ.மீ. மழை: பைத்தானில் தேடினால் அப்படியே கிடைக்காது... ஏன்?

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டத்துக்காரங்க மறக்க முடியாத தேதிகள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. ஒரு வருஷம் முழுக்க அங்கே பெய்வதைவிட இது அதிகம். எச்சரிக்கை தாமதம் என்றது மாநில அரசு. முன்பே சொன்னோம் என்றது மத்திய அரசு.

சரி, இப்படி ஒரு மழை இதுக்கு முன்னாடி பெய்திருக்கா? நாமே தேடிப் பார்க்கலாம். 1901 முதல் நாள்வாரியான மழைத் தரவை இந்திய வானிலை ஆய்வு மையம் இலவசமாகவே தருகிறது. ஆனால் அது பைனரி கோப்பு, திறந்தால் ஒன்றும் புரியாது. அதை இறக்கி, படிக்கிற மாதிரி மாற்றித் தருவதுதான் 'ஐஎம்டிலிப்' என்ற பைத்தான் லைப்ரரி. லைப்ரரி என்றால் புத்தகசாலை இல்லைங்க, யாரோ எழுதிவைத்த ரெடிமேட் புரோகிராம்களின் தொகுப்பு. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த அட்சரேகை, தீர்க்கரேகை என்று கொடுத்தால் எக்செல்லில் திறக்கும் கோப்பாகவே வந்துவிடும்.

சிக்கல் இனிமேல்தான். இந்தத் தரவு ஊர்வாரியானது அல்ல. நாட்டையே கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டம் சுமார் 27 கி.மீ. நீளம், அதே அளவு அகலம். சுற்றியுள்ள மழைமானிகளின் அளவுகளை வைத்து, கட்டத்துக்கு ஒரே எண். அன்றைக்கு திருச்செந்தூரில் பதிவானது 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே 10 கி.மீ. கூட இல்லை. ஆனால் வித்தியாசம் 26 செ.மீ.! எல்லாம் கலக்கும்போது அந்த 95 கரைந்துபோகும். அந்தக் கட்டத்து எண்ணைக் காட்டி 'அவ்வளவு மழையெல்லாம் பெய்யல' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பிடாதீங்க. வடிகால் எவ்வளவு பெருசா வேணும் என்று கணக்குப் போடுபவர்கள் அந்த எண்ணை மட்டும் நம்பினால், அது இன்னும் பெரிய ஆபத்து.

தேதியிலும் ஒரு குழப்பம் உண்டு. மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. 17-ம் தேதி பகலிலும் இரவிலும் கொட்டிய மழை, 18-ம் தேதி கணக்கில்தான் இருக்கும்.

கடலோர ஊரைத் தேடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். இந்தத் தரவு நிலப்பகுதிக்கு மட்டும்தான். கடலில் விழும் கட்டத்தில் -999 என்று வரும். தரவு இல்லை என்று அர்த்தம். அதை நீக்காமல் சராசரி போட்டால், மழை மைனஸில் போய் நிற்கும்!

அமெரிக்காவில் தேசிய வானிலை சேவையின் தரவை எடுக்க முன்அனுமதியே வேண்டாம், யார் வேண்டுமானாலும் புரோகிராம் எழுதி எடுக்கலாம். இங்கே வானிலை மையத்தின் நேரடித் தரவு இணைப்புக்கு விண்ணப்பித்து அனுமதி வாங்கணும். காயல்பட்டினத்தின் 95-ஐப் பார்க்க, மையம் அன்றைக்கு வெளியிட்ட ஊர்வாரி மழை அறிக்கையைத்தான் தேடி எடுக்கணும்.