டிஸ்க் யாருடையது?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலை, சுள்ளிக்கல் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேரன் வந்து, "தாத்தா, கேம் பெட்டியில இடம் தீந்துபோச்சு. மேஜையில இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கட்டுமா?" என்றான். தலை நிமிராமலே, "எடுத்துக்கோ" என்றேன். சற்று நேரத்தில், என் தாயார் ஊரில் கொண்டாடிய கடைசிப் பொங்கலின் படங்கள் போயின. எல்லாம் அழிந்துவிடும் என்று திரை எச்சரித்துத்தான் கேட்டதாம். தாத்தாவே சொல்லிவிட்டாரே என்று பிள்ளை அழுத்திவிட்டான். அவனைத் திட்டினேன். திட்டு வாங்க வேண்டியவன் நான்.

"அது பிள்ளைகள் சமாச்சாரம்" என்று நம் சங்கத்துப் பெரியவர்கள் ஒதுங்குவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். வீட்டில் டிஸ்க் வாங்குவது நாம். அதில் எது இருக்கிறது என்று அறிந்தவர்களும் நாம்தான்.

பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 முதல் மாடலில் 825 ஜிபி. விளையாட்டுகளுக்கு மிஞ்சுவது சுமார் 667. சில விளையாட்டுகள் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டும். யூ.எஸ்.பி. டிஸ்க் மாட்டலாம். ஆனால் பெட்டி அதைத் தனக்கென்று ஃபார்மட் செய்துகொள்ளும். முன்பிருந்தது எதுவும் மிஞ்சாது. அந்தப் பெட்டிக்கான புதிய விளையாட்டுகளை அதில் வைக்கலாமே தவிர, அதிலிருந்து ஆட முடியாது. உள்ளே மாற்றி ஏற்ற வேண்டும். ரயில்வேக்காரனுக்கு இது புதிதல்ல. 1902இல் ஷொர்ணூர் - எறணாகுளம் பாதை மீட்டர் கேஜில் வந்தது. ஷொர்ணூருக்கு அப்பால் பிராட் கேஜ். 1930களில் பாதை மாற்றப்படும்வரை சரக்கை அங்கே வண்டி மாற்றித்தான் ஏற்றினார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிஸ்க்குக்குப் போவது விளையாட்டு மட்டும். பிள்ளை எதுவரை ஆடினான் என்ற 'சேவ்' பெட்டிக்குள்ளேயே இருக்கும். நின்டெண்டோ ஸ்விட்சிலும் விளையாட்டு மெமரி கார்டுக்குப் போகும், சேவ் போகாது. இவ்விரண்டிலும் சேவுக்கு இணையத்தில் பிரதி வைக்கச் சந்தா கட்ட வேண்டும். எக்ஸ்பாக்ஸில் தனிச் சந்தா இல்லை. பெட்டி பழுதானால் விளையாட்டை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பேரனின் இரண்டு வருட ஆட்டத்தை எங்கே இறக்குவது? முன்பெல்லாம் இதைக் கேட்டுச் சிரித்திருப்பேன். என் தாயாரின் படங்களும் ஒரே பிரதியாகத்தானே இருந்தன!

அந்தச் சந்தாவைக் கட்டிவிட்டேன். பேரனுக்குத் தனி டிஸ்க். மற்றதன்மேல் என் மனைவி 'குடும்பப் படம் - தொடாதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அதன் பிரதி மகள் வீட்டில். ஊரிலிருந்து தம்பி மகன் தன் போனில் தேடி ஒன்பது படங்கள் அனுப்பினான். ஒன்றில் மட்டும் அம்மா கேமராவைப் பார்க்கிறாள்.